கொலுவில் ஒன்பது பேர்

நாம் புரட்டாசியில் ஒருமுறைதான் கொலு வைக்கிறோம். கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைக்கின்றன, இயக்குநர் போர்டு என்ற பெயரில். மேல்படியில் புரமோட்டர், பக்கத்தில் தம்பி. அடுத்த படிகளில் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ்., பேராசிரியர், முன்னாள் வங்கித் தலைவர். ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது 2013 கம்பெனிச் சட்டம். உடனே பல கம்பெனிகள் நாடெங்கும் வலைவீசித் தேடி, தகுதியானவரைக் கடைசியில் வீட்டுக்குள்ளேயே கண்டுபிடித்தன. மனைவி, மகள், மருமகள்.

இந்தப் பொம்மைகளை எண்ணி, வீட்டில் காசு பெருகுமா என்று ஆரூடம் சொல்வதற்கென்றே ஒரு படிப்பு உண்டு. போர்டில் எத்தனை பேர், அதில் வெளியாள் எத்தனை, தலைவரும் தலைமை நிர்வாகியும் ஒருவரேதானா, ஆண்டுக்கு எத்தனை கூட்டம்? சின்ன போர்டுதான் லாபம் தரும் என்பார் ஒருவர், பெரிய போர்டுதான் என்பார் அடுத்தவர். இருவருக்கும் முனைவர் பட்டம் கிடைத்துவிடும். வெளியாட்கள் கூடினால் லாபமும் கூடுமா என்று அமெரிக்காவில் பகத், பிளாக் என்ற இருவர் நூற்றுக்கணக்கான கம்பெனிகளை அலசிப் பார்த்து, அப்படியொன்றும் தெரியவில்லை என்று 2002-ல் கைவிரித்தார்கள். அதோடு விட்டார்களா? இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணிக்கைதான் முக்கியமென்றால் ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸுக்குக் கோயில் கட்டியிருக்க வேண்டும். 2008-ல் அந்த போர்டில் ஒன்பது பேர், அவர்களில் ஐந்து பேர் சுயேச்சை இயக்குநர்கள். நாட்டின் முன்னாள் கேபினட் செயலர், ஐ.ஐ.டி.யின் முன்னாள் இயக்குநர், ஒரு பிசினஸ் ஸ்கூலின் டீன், பென்டியம் சிப்பின் தந்தை என்று பெயர் வாங்கியவர். போதாக்குறைக்கு, சுயேச்சைக் கணக்கில் வராத ஒரு ஹார்வர்டு பேராசிரியரும் போர்டில். அந்தச் செப்டம்பரில் லண்டனில் சிறந்த நிர்வாகத்துக்கான ‘தங்க மயில்’ விருதும் கிடைத்தது.

மூன்றே மாதம். டிசம்பர் 16 அன்று போர்டு கூடியது. சிலர் தொலைபேசியில் வந்தார்கள். தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்துக்குச் சொந்தமான மேட்டாஸ் என்ற பெயர் கொண்ட இரண்டு கட்டுமான, நிலக் கம்பெனிகளை சத்யத்தின் பணத்தில் 160 கோடி டாலருக்கு வாங்கலாமா என்பது பொருள். சத்யம் என்று ஆங்கிலத்தில் எழுதி, பின்னாலிருந்து படித்தால் மேட்டாஸ். பள்ளிக்கூடப் பையன்கள் விளையாடும் விளையாட்டு. சாப்ட்வேர் கம்பெனிக்கு எதற்கய்யா நிலம் என்று சம்பிரதாயத்துக்குச் சில கேள்விகள் எழுந்தன, பதிலும் வந்தது. பிறகு, ஒருமனதாக நிறைவேற்றம்.

அதைத் தடுத்தது யார் தெரியுமா? கொலுவில் இல்லாதவர்கள். செய்தி வெளியானதும் முதலீட்டாளர்கள் கொதித்தெழ, சில மணி நேரத்தில் ஒப்பந்தம் ரத்தானது. 2009 ஜனவரி 7-ல் ராஜு தானே எழுதிக் கொடுத்தார்: கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி பொய். இல்லாத பணத்துக்குப் பதிலாக நிலத்தைக் காட்டி ஓட்டையை அடைக்கத்தான் மேட்டாஸ். ஒரே நாளில் பங்கு விலையில் முக்கால் பங்குக்கு மேல் காலி.

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்குத் தணிக்கைக்கு வருகிறவர்கூட, முதலில் பாஸ்புக்கை எடு என்பார். இத்தனை மேதைகளில் ஒருவருக்குமா வங்கிக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை? ஆண்டறிக்கையில் அவர்கள் படம் இருந்தது, பட்டங்கள் இருந்தன, எத்தனை கூட்டத்துக்கு வந்தார்கள் என்ற அட்டவணையும் இருந்தது. எத்தனை தடவை ‘முடியாது’ என்றார்கள் என்பதற்கு மட்டும் அதில் கட்டம் இல்லை. இன்றைக்கும் அந்தக் கட்டத்தைப் பார்ப்பது அரிது. ஆரூடக்காரர்கள் எண்ண வேண்டியது அதைத்தான்.

ஏன் சொல்லவில்லை என்பது பெரிய மர்மமில்லை. கண்காணிக்கப்பட வேண்டியவரே கண்காணிப்பாளருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார். ராஜு குடும்பத்தின் கையில் பத்து சதவீதப் பங்குகூட இல்லை, ஆனாலும் அழைப்பு அவர்களுடையது. கூட்டத்துக்கு இவ்வளவு என்று படி உண்டு (இப்போதைய உச்சவரம்பு ஒரு லட்சம்), அதற்கு மேல் கமிஷன். சுண்டல் வாங்கிக்கொண்ட கையோடு வீட்டுக்காரரின் கொலுவை யாராவது குறை சொல்வார்களா? சத்யம் வழக்கில் 2015-ல் தண்டனை பெற்ற பத்துப் பேரில் வெளி இயக்குநர் ஒருவர்கூட இல்லை. தெரியாது என்பதே அவர்களுக்குக் கவசம். தெரிந்துகொள்ளத்தானே உட்கார வைத்தார்கள்!

பாடம் படித்தோமா? 2018-ல் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் சுமார் 91,000 கோடி ரூபாய்க் கடனோடு சரிந்தது. ஆபத்துகளை முன்கூட்டிப் பார்க்க அங்கே தனிக் குழுவே இருந்தது. 2015-க்கும் 2018-க்கும் நடுவில் அது ஒரே ஒரு முறைதான் கூடியதாம்.

அடுத்த ஆண்டு அரசு விழித்துக்கொண்டு மருந்து கண்டுபிடித்தது. சுயேச்சை இயக்குநர்களுக்கு ஆன்லைன் தேர்வு. தேர்ச்சிக்கு 60 சதவீதம் என்றார்கள், கஷ்டமாக இருக்கிறதே என்று 50 ஆக்கினார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஏற்கெனவே சில ஆண்டுகள் பெரிய போர்டுகளில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்தத் தேர்வும் வேண்டாம். பழைய பொம்மைகள் பரணிலிருந்து நேராகப் படிக்கு இறங்கலாம்.