பத்தாயிரம் லூமன், பாதி வழியில் இருட்டு

சென்ற இதழில், "இரவில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் விளக்கு வாங்குமுன் என்னிடம் ஒரு கேள்வி கேட்கலாம்" என்று தெரியாத்தனமாக எழுதிவிட்டேன். அந்த 'ஒரு' யார் கண்ணிலும் படவில்லை போலிருக்கிறது. வந்து குவிந்தவற்றில் கையெழுத்து புரிந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

பைக்குக்குத் தனியாக லைட் எதற்கு சார்? கம்பெனிக்காரனே வைத்துத்தானே தருகிறான்?
*– கல்லூரி மாணவர், திருப்பூர்*

தம்பி, நம் ஊரில் பைக் என்றால் பெட்ரோல் குடிப்பது. நான் பேசுவது சோறு தின்றவன் மிதித்தால் ஓடுவது. அதற்குக் கம்பெனிக்காரர் ஸ்டாண்டு கொடுப்பார், மணி கொடுப்பார், நாலைந்து ரிஃப்ளெக்டர் கொடுப்பார். விளக்கு உங்கள் பாடு.

கையில் ஐந்நூறு ரூபாய்தான் இருக்கிறது. முன் விளக்கு வாங்கட்டுமா, பின் விளக்கா?
*– இரவு ஷிப்ட் தொழிலாளி, அம்பத்தூர்*

பின் விளக்கு. இதை நூறு பேரிடம் சொன்னால் தொண்ணூறு பேர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். வெளிச்சம் என்றால் நாம் பார்ப்பதற்கு என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. உங்கள் பாதையில் தெருவிளக்கு உண்டு. பள்ளத்தை நீங்கள் பார்த்துவிடுவீர்கள். முன்னால் வருகிறவனை நீங்கள் பார்க்கிறீர்கள், ஒதுங்கலாம். பின்னால் வருகிறவன் உங்களைப் பார்த்தால்தான் உண்டு. அவனோ ஒரு கையில் போனை வைத்திருக்கலாம்.

கரும்பு சீசனில் ராத்திரி நெடுஞ்சாலையில் போயிருக்கிறீர்களா? பின்விளக்கே இல்லாமல் ஒரு டிராக்டர் டிரெய்லர், கரும்பைப் பக்கவாட்டில் பிதுங்க அடுக்கிக்கொண்டு போகும். நாற்பது அடிக்குள் வந்த பிறகுதான் அங்கே ஒரு வண்டி இருப்பதே தெரியும். அத்தனை பெரிய உருவத்துக்கே அந்தக் கதி என்றால், ஒல்லியான உங்களுக்கும் உங்கள் சைக்கிளுக்கும்?

இருநூறு ரூபாயில் சிவப்பு விளக்கு, மீதியில் ஒரு சாதாரண முன் விளக்கு. ஆனால் தெருவிளக்கே இல்லாத கிராமத்துச் சாலை என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பின் விளக்கோடு நல்ல முன் விளக்கும் கட்டாயம். இன்னொரு முந்நூறு சேரும்வரை பகலிலேயே வீடு திரும்புங்கள்.

ஆன்லைனில் '10,000 லூமன்' விளக்கு 399 ரூபாய்க்குப் போட்டிருக்கிறான். வாங்கலாமா?
*– ஆசையுள்ளவன், கோவை*

லூமன் என்பது ஒரு விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. ஒரு மெழுகுவர்த்தி ஏறக்குறைய 12 லூமன். பழைய 40 வாட் குண்டு பல்பு 400 சொச்சம். உங்கள் 399 ரூபாய் விளக்கு அப்படிப்பட்ட இருபது பல்புகளுக்கு மேல் சமம் என்கிறான். கல்யாண மண்டபத்துக்கு வேண்டுமானால் வாங்கலாம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். நல்ல எல்.ஈ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். அப்படியென்றால் 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். உள்ளே இருப்பதோ பெரும்பாலும் 18650 என்கிற ஒற்றை பேட்டரி. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், பெயரே அதுதான். யோக்கியமான ஒன்றில் 2,600 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். 3.7 வோல்ட்டால் பெருக்கினால் பத்து வாட் மணிக்குச் சற்றுக் குறைவு. 100 வாட் இழுத்தால் ஆறு நிமிடத்தில் தீரும். தீருவதற்குள் உங்கள் விளக்கு இஸ்திரிப் பெட்டியாகிவிடும்.

அதே பேட்டரி 400 லூமன் விளக்கை இரண்டு மணி நேரம் தாங்கும். ஆகவே அட்டைப்பெட்டியில் '400 லூமன், 2 மணி நேரம்' என்று அடக்கமாகப் போட்டிருப்பவனை நம்புங்கள். லூமனை மட்டும் போட்டு நேரத்தை விழுங்கியவனை நம்பாதீர்கள்.

பேட்டரியின் மேலேயே '9900' என்று அச்சடித்து விற்கிறார்களே, அதுவும் இதே குடும்பம்தான். இந்த அளவு பேட்டரியில் உலகத்தில் யாரும் 3,600க்கு மேல் பெரிதாகப் போனதில்லை. சந்தேகம் இருந்தால் மளிகைக் கடையில் ஏலக்காய் நிறுக்கிற தராசில் வையுங்கள். நல்ல சரக்கு 45 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். முப்பதில் நின்றால், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியதாக இருந்தாலும் சரி, ஆகாயத்திலிருந்து விழுந்ததாக இருந்தாலும் சரி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, எத்தனை லூமன்தான் போதும்?
*– அதே ஆசையுள்ளவன், அடுத்த தபாலில்*

விளக்கு உள்ள தெருவில் 100, 150. கும்மிருட்டுச் சாலையில் உண்மையான 300 முதல் 500. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறீர்கள் என்றால் விநாடிக்கு ஐந்தரை மீட்டர். பள்ளத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்குள் எட்டு மீட்டர் ஓடியிருக்கும். பிடித்த பிறகு இன்னும் நாலைந்து. ஆக, பன்னிரண்டு பதின்மூன்று மீட்டருக்கு முன்னாலேயே பள்ளம் தெரிய வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் அங்கே விழும் வெளிச்சம் கால்வாசியாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு இறுக்கினாலும் விளக்கு தலையைத் தொங்கப்போட்டுக்கொள்கிறது.
*– பேப்பர் போடும் பையன், கும்பகோணம்*

மாட்டுவதில்தான் முக்கால் விஷயம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் விளக்கை அரைகுறையாக மாட்டியவனைவிட, முந்நூறு ரூபாய் விளக்கை ஒழுங்காக மாட்டியவன் நிம்மதியாக வீட்டுக்குப் போவான்.

ஹேண்டில்பார் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இல்லை. கைப்பிடிப் பக்கம் 22 மில்லிமீட்டர் என்றால், புது மாடல் சைக்கிள்களில் நடுவில் 31.8 வரை பருத்திருக்கும். விளக்கோடு வரும் பிளாஸ்டிக் கிளாம்ப் இரண்டுக்கும் பொதுவாகச் செய்தது. அதனால் இரண்டிலும் சரியாக உட்காராது. பஞ்சர் கடையில் போய்ப் பழைய ட்யூப் துண்டு ஒன்று கேளுங்கள். காசு வாங்க மாட்டார். மூன்று விரல் அகலத்துக்கு வெட்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, பாரில் இரண்டு சுற்று இழுத்துச் சுற்றுங்கள். அதன் மேல் கிளாம்ப். கிளாம்ப் ரப்பரைக் கவ்வினால் விளக்கு தலை குனியாது. பிளாஸ்டிக் கிளாம்பின் திருகை வெறி கொண்டு முறுக்காதீர்கள். மூன்றாவது நாள் கீறல் விட்டு, நாலாவது நாள் கையோடு வரும்.

ரப்பர் பட்டை போட்டு மாட்டும் வகை என்றால், வெயிலில் அது பொரிந்துபோகிறதா என்று மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. ஒருநாள் இரவு வாய்க்கால் பாலத்து ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியபோது பட்டை அறுந்து, விளக்கு கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தது. விழுந்தும் அணையவில்லை. அடியில் கிடந்து பச்சையாக எரிந்துகொண்டே இருந்தது. நாலைந்து மீன்கள்கூட வந்து பார்த்தன. தண்ணீர் புகாது என்று அட்டையில் போட்டிருந்தது பொய்யே இல்லை. கழன்று விழாது என்றுதான் போட்டிருக்கவில்லை. அன்றிலிருந்து என் விளக்குக்கும் பாருக்கும் நடுவே ஒரு கேபிள் டை, தாலிக்கயிறு மாதிரி, தொளதொளவென்று இருக்கும். பட்டை அறுந்தாலும் விளக்கு தொங்குமே தவிர விழாது.

முன்னால் கூடை, பின்னால் பால் கேன். விளக்கை எங்கே மாட்டுவது?
*– பால்காரர், ஆரணி*

கூடை மறைத்தால் கூடையின் முன்பக்கக் கம்பியிலேயே மாட்டுங்கள். இல்லாவிட்டால் முன் சக்கர ஃபோர்க்கில். ஃபோர்க்கில் ஒரு லாபம் உண்டு: விளக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவு நீளமாக மேடுபள்ளத்தின் நிழல் விழும். சின்னக் கல்கூடத் தன் நிழலால் காட்டிக்கொடுத்துவிடும்.

பின் விளக்கை சீட் கம்பியில் மாட்டினால் கேன் மறைக்கும். கேன் இல்லாதவர்களுக்குச் சட்டை வால் மறைக்கும், மழைக்கோட்டு மறைக்கும். பின் மட்கார்டின் நுனிதான் உங்களுக்கு இடம். கேரியரின் கடைசிக் கம்பியும் ஆகும். கேனிலும் ஒரு சாண் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

எதிரில் வருகிறவர்கள் எல்லாம் என்னைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். காரணம் புரியவில்லை.
*– அப்பாவி, மதுரை*

எனக்குப் புரிகிறது. உங்கள் விளக்கு நேராக அவர்கள் முகத்தில் அடிக்கிறது. பஸ் டிரைவர் டிப் அடிக்காமல் வந்தால் நீங்கள் அவர் வம்சத்தையே இழுப்பதில்லையா? இருட்டுக்கு முழுதாகப் பழகக் கண்ணுக்கு இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். அதைக் கெடுக்க ஒரு விநாடி போதும். கண் கூசியவன் அடுத்து மோதப்போவது உங்கள் மேலாகவும் இருக்கலாம்.

சுவருக்கு ஐந்து மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்துங்கள். விளக்கு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். வெளிச்சத்தின் நட்டநடு அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே விழ வேண்டும். ஒரு மீட்டர் உயரம் என்றால் சுவரில் 65, 70 சென்டிமீட்டர். அப்படி வைத்தால் பதினைந்து மீட்டரில் வெளிச்சம் தரையைத் தொடும். மலிவு விளக்குகள் பெரும்பாலும் டார்ச் மாதிரி வட்டமாக அடிப்பவை. மேல் பக்கமும் சிதறும். ஷாம்பு பாட்டிலை வெட்டி மேலே ஒரு தொப்பி போட்டுவிடுங்கள். ஜெர்மனியில் கார் மாதிரியே, மேல் பக்கம் கோடு போட்டு வெட்டியதுபோல் வெளிச்சம் விழும் சைக்கிள் விளக்குக்குத்தான் சட்டத்தில் இடம். நமக்கு ஷாம்பு பாட்டில்.

மினுக் மினுக்கென்று வைக்கலாமா, நிலையாகவா?
*– குழப்பத்தில் இருப்பவர், சேலம்*

முன்னால் நிலையாக. மினுக்கும் வெளிச்சத்தில் பள்ளமும் மினுக்கும். பின்னால் மினுக்கினால் சட்டென்று கண்ணில் படும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று கணிப்பது கஷ்டம். முடிந்தால் இரண்டு வையுங்கள்: ஒன்று நிலையாக, ஒன்று மெதுவாக மினுக்கி. தீபாவளி சீரியல் பல்பு மாதிரி ஏழு வகையாக மினுக்கும் 'மோடு'கள் விற்கிறவனுக்கு உபயோகம்.

தலையில் டார்ச் கட்டிக்கொண்டால்?
*– எலி பிடிக்கப் போகிறவர், திருவாரூர்*

வயலில் சரி. சாலையில் வேண்டாம். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து வெளிச்சம் போனால் பள்ளத்தின் நிழல் பள்ளத்துக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். சாலை தோசைக்கல் மாதிரி சமமாகத் தெரியும். அதோடு, மழை விட்ட ராத்திரியில் ஈசல் வெளிச்சத்தைத் தேடித்தான் வரும். உங்கள் வெளிச்சத்துக்குக் கீழே வாய் இருக்கிறது.

எங்கள் காலத்து டைனமோவுக்கு ஈடாகுமா இதெல்லாம்?
*– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், பட்டுக்கோட்டை*

ஐயா, வணக்கம். டயரின் பக்கவாட்டில் சாய்ந்து உரசும் அந்தச் சின்னப் பாட்டிலை மறக்க முடியுமா? 6 வோல்ட், 3 வாட். முன் பல்புக்கு 2.4, பின்னால் 0.6. சார்ஜ் போட வேண்டாம், பேட்டரி தீராது. விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் மடக்கி ட்யூபில் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்ற பயமும் அதை மாட்டவைத்தது. டபுள்ஸ் வேறு போயிருந்தால், இரண்டு கேஸ்.

ஆனால் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். எதிர்க்காற்றில் அதைப் போட்டுக்கொண்டு மிதித்தபோது தொடை என்ன சொன்னது? மேட்டில் வேகம் குறைந்தால் பல்பு செம்பருத்தி நிறத்துக்குப் போகும். நின்றால் அணையும், அதுவும் நடுரோட்டில், எல்லோரும் உங்களைப் பார்த்தாக வேண்டிய நேரத்தில். மழையில் டயர் நனைந்தால் உருளை வழுக்கும். நாய்களுக்கு அந்த 'ர்ர்ர்' சத்தம் எங்கிருந்தாலும் கேட்டுவிடும்.

இன்று மலிவாக வெள்ளை வெளிச்சம் கிடைப்பதற்குக் காரணம் நீல எல்.ஈ.டி. அந்த நீலத்தின் மேல் மஞ்சள் பூச்சு பூசித்தான் வெள்ளை வருகிறது. அதைச் சாதித்ததற்காக ஜப்பானில் பிறந்த மூன்று பேருக்கு 2014இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். உங்கள் டைனமோ இன்னும் சுற்றுகிறது என்றால் எறியாதீர்கள். டைனமோவுக்கென்றே செய்த எல்.ஈ.டி. விளக்கை அதில் கோர்த்தால் அதே 3 வாட்டில் பல மடங்கு வெளிச்சம் வரும். நின்ற பிறகும் சில நிமிடம் எரியும் வகைகூட உண்டு. தொடைக்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை.

ஐ.பி.எக்ஸ். 4 என்றால் மழைக்குத் தாங்குமா?
*– ஐப்பசிக்காரர், கடலூர்*

எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும் என்று அர்த்தம். சாதாரண மழைக்குப் போதும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் இருக்கும், என் வாய்க்கால் விளக்கு மாதிரி. எந்த எண்ணாக இருந்தாலும் சார்ஜ் துளையின் ரப்பர் மூடியை மூடியிருந்தால்தான் செல்லும். நனைந்து வந்த கையோடு சார்ஜில் போடாதீர்கள். டைப்-சி துளை இருந்தும் சார்ஜ் ஏறவில்லையா? விளக்கு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுமுன், ஒரு முனை பழைய அகலமான யு.எஸ்.பி.யாக இருக்கும் கேபிளில் போட்டுப் பாருங்கள். மலிவு விளக்குகளில் பல, இரண்டு முனையும் டைப்-சியாக இருந்தால் முரண்டு பிடிக்கும்.

டீ குடித்துவிட்டு வருவதற்குள் விளக்கைக் காணோம்.
*– நொந்தவர், திருச்சி*

இனி கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு டீ குடியுங்கள். அன்று குடித்த இரண்டு டீயின் விலை, தொலைந்த விளக்கையும் சேர்த்து, ஐந்நூற்று இருபது.

விளக்கெல்லாம் வேண்டாம், வெள்ளைச் சட்டை போட்டால் போதாதா?
*– கட்சிக்காரர், விழுப்புரம்*

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் முதுகில் போலீசார் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டையில் பட்ட வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறிவிடும். அந்த ஸ்டிக்கர், வந்த வெளிச்சத்தை வந்த வழியே லாரிக்குத் திருப்பி அனுப்பும். பெடலில் ஒட்டினால் இன்னும் நல்லது. மேலும் கீழும் ஏறி இறங்கும் இரண்டு புள்ளிகளைப் பார்த்தவுடனே அது சைக்கிள் என்று டிரைவருக்குத் தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்தாயிற்று. சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
*– இல்லத்தரசி (கணவர் சார்பாக), நாகர்கோவில்*

இன்று ராத்திரி சைக்கிளைத் தெருவில் நிறுத்தி, விளக்குகளைப் போட்டு, அவரை மழைக்கோட்டோடு ஏறி உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் நூறு தப்படி பின்னால் நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் அவரைக் கிளம்பச் சொல்லலாம்.