பதினைந்து கட்டிலும் ஒரு பத்திரமும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஆதுலர் சாலை என்ற மருத்துவமனைக்கு 15 கட்டில், வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், படுத்துக்கிடப்பவருக்குத் தினம் ஒரு நாழி அரிசி, ராத்திரி விளக்குக்கு எண்ணெய். முதியோருக்கென்று கட்டியதல்ல, பாடசாலைப் பிள்ளைகளுக்கும் கோயில் ஊழியருக்கும்தான். ஆனாலும் அந்த மனுஷர்கள் யாருடைய பாசத்தையும் நம்பவில்லை. கஞ்சியைக் கல்லில் வெட்டினார்கள்.

நாம் பெரிய மனசுக்காரர்கள். நாற்பது வருஷம் தறிக்குழியில் கால் மிதித்துக் கட்டிய வீட்டை மகனுக்கு எழுதும்போது, "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று எழுதுகிறோம். பத்திரத்தில் எல்லைக் கல் வரும், கிணற்றுப் பாத்தியதை வரும், சோறு மட்டும் வராது. பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா?

2007 முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்கும் நிபந்தனையோடு எழுதிவாங்கிவிட்டுக் கைவிட்டால் பத்திரம் செல்லாது என்கிறது. அந்த நிபந்தனை இருந்தாக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், 2022-ல். அன்பு என்பதே நிபந்தனைதானய்யா என்றது சென்னை உயர் நீதிமன்றம், 2025-ல். வீட்டைக் கொடுத்தவள் கஞ்சியை எதிர்பார்ப்பாள் என்று கண்டுபிடிக்க 18 வருஷம்!

இதற்குள் முதியோர் சட்டம் தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகம் 1993-லேயே முதியோர் சட்டத்துக்குத் தனி ஆய்விதழ் கண்டது. நமக்கும் கருத்தரங்கம் வேண்டாமா? நம் பிள்ளைகள் இப்படி ஒத்துழைக்கும்போது ஆய்வேட்டுக்குக் கச்சாப்பொருள் பஞ்சமா? தலைமை உரைக்கு வந்த பேராசிரியருக்குக் காஞ்சிப் பட்டு போர்த்துவார்கள். அதை நெய்தவர் கோட்டாட்சியர் அலுவலக வேப்பமரத்தடியில் பராமரிப்பு மனுவோடு உட்கார்ந்திருப்பார். துறை வளர்த்த வக்கீலும் துணைக்கு வரக் கூடாதாம். அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு அவரை வாசலிலேயே நிற்கச் சொல்கிறது. ஜெயித்தாலும் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. 2007-ல் போட்ட உச்சவரம்பு அது, பருப்பு விலை தெரியாதவர்கள் போட்டது.

பெற்றவளைத் தெருவில் விட்டவனுக்கு மூன்று மாதச் சிறை வரை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல முகூர்த்தப் பட்டு ஒன்று அந்த அபராதத்துக்கு வராது.

"அசல் பத்திரம் எடுத்துட்டு வாங்கம்மா" என்கிறார் எழுத்தர், கணினியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"அவன் பீரோவுல இருக்கு சாமி."

"அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க."