அடுத்த ஜூனுக்குள் ஜேபி

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே தன் போனை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டி, "பாத்தீங்களா, இப்ப காலியா இருக்கு" என்றால் பதற வேண்டாம். உட்லண்ட்ஸ் கடற்பாலத்தை, அதாவது காஸ்வேயைத்தான் காட்டுகிறார். அடுத்த ஜூனுக்குள் குடும்பத்தோடு ஜோகூர் பாருவுக்கு, அதாவது ஜேபிக்குக் குடிபோகப் போகிறவர் அவர். எந்த வருஷத்து ஜூன் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் சாலைக் கேமராப் படங்களை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டு பக்கமும் அதில் உண்டு. ஜேபிக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வசதி. நம்மவர் கிளம்பாத நேரத்தில் பார்ப்பார். காலையில் கண் விழித்ததும் உள்ளங்கையில் முழிப்பது நம் பெரியவர்கள் பழக்கம். இவர் உள்ளங்கையில் காஸ்வே இருக்கும்.

அது வீடியோகூட இல்லை. சில நிமிஷத்துக்கு ஒருமுறை மாறும் அசையாப் படம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில்தான் அவர் நம்மிடம் பேசுவார், மனைவியிடம் பேசுவார், சோறு சாப்பிடுவார். புதுப் படம் வந்துவிட்டால் பேச்சு பாதியில் நிற்கும். "அந்த வெள்ளை லாரியக் கவனிச்சீங்களா? போன படத்துலயும் அங்கதான் நின்னுச்சு. இப்ப ஒரு லாரி நீளம் நகர்ந்திருக்கு." லாரி நகர்ந்ததில் அவருக்கு வரும் சந்தோஷம் தன் பையன் வகுப்பேறியபோதுகூட வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, பள்ளி விடுமுறையின் முதல் சனி, சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள், ஹரி ராயாவுக்கு முந்தின இரவு என்று நெரிசல் நாட்களுக்கு அவரிடம் தனிப் பஞ்சாங்கமே உண்டு. அமாவாசை என்றைக்கு என்று கேட்டால் மட்டும் மனைவியைக் கூப்பிடுவார். 1924இல் திறந்த பாலம் அது. நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். நடந்தால் கால் மணி நேரம். அதைக் காரில் கடக்க மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் ஆன நாளெல்லாம் அண்ணனுக்கு மனப்பாடம். அதில் ஒரு நாளாவது அவர் அந்த வரிசையில் நின்றிருந்தால் நானும் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். (அண்ணன் என்றா சொன்னேன்? ஒரு பேச்சுக்குச் சொன்னது. இப்படி ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.)

சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்டவேண்டுமானால் டாங்கில் முக்கால்வாசி பெட்ரோல் இருக்கவேண்டும் என்பது சட்டம். அண்ணன் கார் டாங்க் முக்காலுக்குக் கீழே இறங்கியதே கிடையாது. அந்தக் கார் ஓடுவது சிங்கப்பூருக்குள்ளேயே, ஈசூனுக்கும் தேக்காவுக்கும் இடையில்.

மண்டாய்த் தகனச்சாலைக்கு ஒரு பெரியவரை வழியனுப்பப் போயிருந்தோம். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அண்ணன் என் தோளைத் தொட்டார். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறார் என்று திரும்பினேன். "இங்கேருந்து காஸ்வே கால் மணி நேரந்தான்" என்றார்.

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியா எல்லையை மூடியது. அங்கே வீடும் இங்கே வேலையுமாக இருந்தவர்கள் மாதக்கணக்கில் பிள்ளை முகம் பார்க்காமல் தவித்தார்கள். அப்போது "நல்லவேளை, நாம போகல" என்று அண்ணன் ஒரே ஒருமுறை சொன்னதாக அண்ணி சாட்சி சொல்கிறார். ஆனால் கேமராவை விடவில்லை. ஆள் அரவமற்ற பாலத்தைப் பொழுதன்னைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மாதிரி காலியா இருக்கறப்பதான் போயிருக்கணும்" என்று அவர் பெருமூச்சு விட்டதை நானே கேட்டேன். 2022 ஏப்ரல் முதல் தேதி எல்லை முழுதாகத் திறந்தது. அன்றைக்கே, "அடுத்த ஜூனுக்குள்ள" ஆரம்பித்தாயிற்று.

மற்றபடி வழக்கமான வியாதிகளும் உண்டு. எதை வாங்கினாலும் ரிங்கிட்டில் எவ்வளவு என்று சொல்லுவார். 1973 வரை சிங்கப்பூர் வெள்ளியும் ரிங்கிட்டும் ஒன்றுக்கு ஒன்று என்று ஆரம்பித்தால், கோப்பிக்கடையில் நம் கோப்பி ஆறிவிடும். வெளிநாட்டவர் ஜோகூரில் வீடு வாங்கப் பொதுவாகக் குறைந்தது 10 லட்சம் ரிங்கிட் என்பதும், 'மலேசியா என் இரண்டாவது வீடு' திட்டத்தில் சில்வர் பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை என்பதும் அவருக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேசமாட்டார். பையன் இங்கேயே பள்ளியைத் தொடர்ந்தால் விடிகாலை 4 மணிக்கு எழுந்து எல்லை தாண்டவேண்டும் என்று அண்ணி ஒருமுறை சொன்னார். "அப்ப பாலம் காலியாத்தான் இருக்கும்" என்றார் அண்ணன். இருக்காது. அந்த நேரத்தில்தான் ஜோகூர்க்காரர்கள் ஆயிரமாயிரமாய் மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருகிறார்கள். கேமராவிலேயே தெரியும். அந்தப் படத்தை மட்டும் அவர் யாருக்கும் காட்டுவதில்லை.

ஆனாலும் மனுஷன்மேல் முழுக்கக் கோபப்படவும் முடிவதில்லை. அவருடைய அப்பா கூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, வேலை தேடி இந்தப் பக்கம் வந்தவர். 1963லிருந்து 1965 வரை இரண்டு பக்கமும் ஒரே நாடாக இருந்தது. அந்தக் கிழவர் சாகும்வரை அப்படியேதான் பேசிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு வேண்டியது மாளிகை இல்லை. ஒரு தரைவீடு, அதற்கு ஒரு தகரத் தாழ்வாரம். தோட்டத்துப் பாட்டி வீட்டில் மழை பெய்தால் பக்கத்தில் பேசுகிறவர் குரல் கேட்காதாம். இங்கே 14வது மாடியில் மழை சத்தமே இல்லாமல் பெய்துவிட்டுப் போகிறது. இதை அவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னார். பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் அண்ணி வீட்டுச் சமையலறையைப் பார்த்தால் அந்தப் பாவமெல்லாம் போய்விடும். குழாய் ஒழுகுகிறது. "போகத்தானே போறோம், எதுக்கு மாத்திக்கிட்டு?" அலமாரிக் கதவு ஒன்று கழன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. "போகத்தானே போறோம்." ஜன்னலுக்குத் திரைச்சீலை இல்லை, பழைய சேலையைக் கிழித்துக் கட்டியிருக்கிறார்கள். பெண் தன் அறைக்கு ஒரு புத்தக அலமாரி கேட்டாள். "புது வீட்டுல பெருசா போட்டுக்கலாம்மா." அவள் தொடக்கப்பள்ளியில் கேட்டது, இப்போது உயர்நிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள், புத்தகங்கள் இன்னும் தரையில்தான். இது நகைச்சுவை இல்லை. இனிமேல் வாழப்போகும் வீட்டுக்காக, வாழ்ந்துகொண்டிருக்கும் வீட்டைப் பட்டினி போடுவதற்கு யாருக்கும் உரிமை கிடையாது. ரிங்கிட் கணக்கு இவ்வளவு நன்றாகப் போடத் தெரிந்தவருக்கு இது ஏன் ஏறமாட்டேன் என்கிறது?

இப்போது ரயில் வேறு வருகிறது. உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து புக்கிட் சாகார், 4 கிலோமீட்டர், 5 நிமிஷப் பயணம். முன்பு 2024 என்றார்கள், பிறகு 2026 இறுதி என்றார்கள். ஒரு பக்கத்துக்கு மணிக்கு 10,000 பேர் போகலாம். இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். அண்ணன் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். முகம் வாடிவிட்டது. 5 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால் எதற்குக் காத்திருப்பது, எந்த லாரியைப் பார்ப்பது? "ரயில் வந்தா அங்க வாடகை ஏறிடும். ரெண்டு வருஷம் ஓடட்டும், எப்படி இருக்குன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார்.

அண்ணி எதுவும் சொல்லவில்லை. மறுவாரம் ஜேபியிலிருந்து திரைச்சீலைக் கடைக்காரர் ஒருவரை அளவெடுக்க வரச்சொல்லிவிட்டார். இங்கே ஆகிற காசில் பாதிதான் அங்கே என்று அண்ணனே பல தடவை சொன்னதுதானே, மறுக்க வாயில்லை. விடிகாலையிலேயே மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டி வந்திருந்தார் அந்தத் தம்பி. எவ்வளவு நேரம் ஆச்சு, எந்த வழி, எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க என்று அண்ணன் விசாரணையைத் தொடங்கினார். "தினம் வர்றதுதானே அண்ணே, யாரு மணி பாத்தா" என்று சொல்லிவிட்டு அவர் அளவு நாடாவைப் பிரித்தார். கூடம், இரண்டு அறை, சமையலறை என்று ஒரு ஜன்னல் விடாமல் அளந்து முடித்து, துணி மாதிரிகளை மேசைமேல் பரப்பி அண்ணியைப் பார்த்துக் கேட்டார்:

"எத்தனை வருஷம் தாங்கணும்கா?"

"ஒரு பத்து வருஷம் தாங்கற மாதிரி குடுங்க தம்பி" என்றார் அண்ணி.