இரு அம்மிணி, லாஸ்ட் ஜோன்!

வால்பாறையில் மாப்பிள்ளை என்றதும் பொள்ளாச்சியில் என் சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்றாகப் பயமுறுத்தினார்கள். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு, வாந்தி எடுத்தே பாதியாகிவிடுவாய் என்றார் பெரியம்மா. யானை வரும், சிறுத்தை வரும், அட்டை கடிக்கும் என்றார் சித்தப்பா. வந்தன, கடித்தன, பழகியும் போயின. ராத்திரி ஒரு மணிக்குப் பக்கத்து அறையிலிருந்து "எனிமி, எனிமி! வூட்டுக்குப் பின்னாடி எனிமி!" என்று அலறல் கேட்கும், பதறி ஓடிப் பார்த்தால் அலறுவது கட்டிய புருஷனாக இருக்கும் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கர். நாற்பதை நெருங்குகிற வயது. வாட்டப் போட்ட இலையை ஒரு கை அள்ளிப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். அவர் தலை தெரிந்தால் ஃபேக்டரியில் அரட்டை நின்றுவிடும். அப்பேர்ப்பட்டவரை ராத்திரியானால் போன் ஆட்டத்தில் உடுமலைப்பேட்டையில் பிளஸ் டூ படிக்கிற ஒரு பையன், "டேய் லூசு, எங்கடா போயித் தொலைஞ்சே? வந்து ரிவைவ் பண்ணுடா!" என்று திட்டுகிறான். ஹெட்போனையும் தாண்டி எனக்கே கேட்கிறது. இவர், "சாரி ப்ரோ, இதோ வந்துட்டேன் ப்ரோ" என்கிறார்.

அந்த 'சாரி' என் பக்கம் திரும்பியதே இல்லை. என் தம்பி நிச்சயதார்த்தத் தேதியை மறந்து நைட் ஷிஃப்ட் வாங்கிக்கொண்டு வந்து நின்றபோதுகூட, "சரி வுடு அம்மிணி" என்பதோடு விசாரணை முடிந்தது.

வளர்ந்த ஆம்பிளை விளையாடுவதே தப்பு என்கிற கட்சி இல்லை நான். என் மாமனார் சனிக்கிழமை சாயங்காலம் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கத்தான் எழுந்திருப்பாராம். அவரை ஊரில் பெரிய மனுஷர் என்றுதான் சொன்னார்கள். புராணத்திலும் ஆடிக் கெட்டவர்கள் கல்யாணமானவர்கள்தான். தருமருக்கு எப்போது எழுந்து வர வேண்டும் என்று தெரியவில்லை. நளன் நாட்டைத் தோற்று, தமயந்தியை நடுக்காட்டில் விட்டுவிட்டுப் போனான். பிறகு இருதுபன்னனுக்குத் தேரோட்டி, அவனிடமே சூதின் சூட்சுமத்தைக் கற்றுக்கொண்டு வந்து, மறுபடி ஆடி ஜெயித்தான். ஆகவே கோளாறு ஆட்டத்தில் இல்லை, பயிற்சி போதாததில்தான் என்பது என் வீட்டுக்காரர் நளன் கதைக்குச் சொல்லும் பொழிப்புரை.

அரசாங்கம் என் பக்கம் நின்ற காலமும் உண்டு. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி, இவர் ஆடுகிற பப்ஜி உட்பட 118 ஆப்களுக்குத் தடை போட்டார்கள். சீனாவோடு எல்லைத் தகராறு நடந்த நேரம், நாட்டுப் பாதுகாப்பு என்று காரணம். என் குடும்பப் பாதுகாப்பும் அதில் சேர்ந்துகொண்டது. அந்த மாதங்களில் மனிதர் பூண்டு உரித்தார். சோலையாறு அணைக்குக் கூட்டிப் போனார். எதிரே உட்கார்ந்து, ஆறுவதற்கு முன்னால் டீ குடித்தார். 2021 ஜூலை 2ஆம் தேதி அந்த ஆட்டம் பிஜிஎம்ஐ என்று பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. பூண்டும் என்னிடம் திரும்பி வந்தது. ஃப்ரீ ஃபயர் என்ற ஆட்டத்தைத் தடை செய்த தேதி 2022 பிப்ரவரி 14. காதலர் தினத்துக்கு டெல்லி அனுப்பிய பரிசு என்று நான் துள்ளிக் குதித்தேன். இவர் ஆடுவது அது இல்லையாம்.

அதே வருஷம் ஜூலை 28ஆம் தேதி இன்னும் விசேஷம். சென்னையில் பிரதமர் வந்து செஸ் ஒலிம்பியாடைத் தொடங்கி வைத்தார். போட்டியின் சின்னமான, வேட்டி கட்டின குதிரை 'தம்பி'யை ஊரே கொஞ்சியது. அன்றைக்கேதான் பிஜிஎம்ஐ ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போனது. ஓர் ஆட்டத்துக்கு மாலை, இன்னொன்றுக்குப் பூட்டு. டிவியைப் பார்த்துக்கொண்டே இவர், "அங்கயும் ராஜாவைச் சுத்தி வளைச்சு முடிக்கறதுதானே அம்மிணி?" என்றார். கேள்வியில் நியாயம் இருந்ததால் தட்டில் இன்னொரு வடை வைத்தேன். 2023 மே மாதம் பிஜிஎம்ஐயும் திரும்பி வந்துவிட்டது. வடை நின்றது.

எங்கள் ஊரில் யானைக்கு அருமையான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. யானை பக்கத்தில் வந்தால் போனுக்குக் குறுஞ்செய்தி வரும், முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு எரியும். இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமாருக்கு இந்த வேலைக்காக 2015இல் இங்கிலாந்தில் விட்லி விருது கொடுத்தார்கள். விருது கொடுத்தவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியாது. ஆட்டத்துக்கு நடுவில் வந்த யானைச் செய்தியை ஒற்றை விரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு ஓடிக்கொண்டிருந்தார். கொல்லையில் என் வாழை முறிகிற சத்தம் லயன் வீடுகள் வரை கேட்டது. இவருக்குக் கேட்கவில்லை. இத்தனைக்கும் அந்த ஆட்டத்தில் காலடிச் சத்தம்தான் உயிர். மாடியில் எவன் பூனை நடை நடந்தாலும் இடமா வலமா என்று சொல்லிவிடுகிற காது அது. யானை நடந்தால்தான் கேட்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் விளையாட்டு அடிமைத்தனமும் ஒரு நோய். ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற வேலைகளைவிட ஆட்டமே பெரிதாகிவிடுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, பொதுவாக இவை பன்னிரண்டு மாதமாவது இருப்பது என்று அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். உரக்க வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கவர்மெண்ட் தடை போட்ட மாசத்தையெல்லாம் இதுல கழிச்சுக்கோணுமல்ல?" என்றார். (ஆடுகிற எல்லாருக்கும் இந்த நோய் இல்லை, சிலருக்குத்தான் என்றும் அதில் இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை.)

ஆட்டம் மனசுகளைச் சேர்க்கும் என்பதற்கும் அவரிடம் சாட்சி இருந்தது. பப்ஜியில் பழகி, 2023இல் நாலு பிள்ளைகளோடு நேபாளம் வழியாக கிரேட்டர் நொய்டாவுக்கு வந்து சேர்ந்த பாகிஸ்தான் பெண்ணின் செய்தி. "ஏனுங்க, அந்தம்மா நாடு விட்டு நாடு வந்தாங்க. நீங்க அந்த ரூம்ல இருந்து இந்த ரூமுக்கு வாங்க, போதும்" என்றேன்.

வராததால் நானே போனேன். ஒரு ராத்திரி என் போனிலும் ஏற்றிக் கொடுத்தார். பாராசூட்டில் இறங்கி எந்தப் பக்கம் ஓடுவது என்று விழிப்பதற்குள் சுட்டுவிட்டார்கள். அப்போது பக்கத்தில் ஒரு குரல்: "அசையாதே அம்மிணி. நான் வரேன். பயப்படாதே, என் பேண்டேஜை எடுத்துக்கோ." உடுமலைப் பையன், விட்டுட்டு ஓடி வாடா என்கிறான். "இல்ல ப்ரோ, அவங்களை வுட்டுட்டு வர முடியாது" என்று என் வீட்டுக்காரர் எனக்காகக் குண்டு வாங்கிச் செத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நிமிஷம் கழித்துக் கோபமும் வந்தது. இந்த மனிதருக்கு முதிர்ச்சி இல்லை என்று இனி எப்படிச் சொல்வது? பொறுமை, மன்னிப்புக் கேட்கிற குணம், விழுந்தவரை விட்டுப் போகாத விசுவாசம், எல்லாம் உயர்ந்த ரகத்தில் இருக்கின்றன. எஸ்டேட்டில் நல்ல தூளையெல்லாம் ஏலத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு டஸ்ட் எடுத்து வருவதுபோல, அத்தனையையும் அங்கே அனுப்பிவிட்டு எனக்கு "சரி வுடு"வைக் கொண்டுவருகிறார்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மாப்பிள்ளை பார்க்கப் போகும்போது தோப்பு எத்தனை ஏக்கர், போரில் தண்ணி எத்தனை அடியில் என்று கேட்கிறீர்கள். கூடவே, போனில் என்ன ஆடுவார் என்றும் கேளுங்கள். ஆடவே மாட்டேன் என்கிறவரை நம்ப வேண்டாம். நிறுத்தி வைக்கிற பட்டன் அந்த ஆட்டத்தில் கிடையாது என்பதும் உண்மைதான். கூப்பிட்டவுடன் எழுந்து வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள்; "இரு அம்மிணி, லாஸ்ட் ஜோன்", அதாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டம், என்பார். "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லி அஞ்சு நிமிஷத்தில் வருகிறவராக இருந்தால் தாராளமாகத் தட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.