தலையை எண்ணும் ரயில்

கேள்வி: கேஎல்ஐஏ விமான நிலையத்திலிருந்து மஸ்ஜித் இந்தியா ஹோட்டலுக்கு முன்கூட்டியே கார் பதிவு செய்வது வசதியா, வெட்டிப் பந்தாவா?
(வாசகர், கிள்ளான்)

பதில்: வருவது எத்தனை தலை?

ரயில் தலையை எண்ணும், கார் எண்ணாது. விரைவு ரயில் முதல் முனையத்திலிருந்து 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடந்து கேஎல் சென்ட்ரலில் இறக்கிவிடும். அங்கிருந்து எல்ஆர்டியில் இரண்டாவது நிறுத்தம், மஸ்ஜித் இந்தியாவுக்குப் பக்கத்திலுள்ள மஸ்ஜித் ஜாமெக். ரயில் கட்டணம் 2016இல் 35 ரிங்கிட்டிலிருந்து 55 ஆனது. தனியாளுக்கு ரயிலே ராஜா. மாமா, அத்தை, வளர்ந்த பிள்ளைகள் என்று 4 பெரியவர்களுக்கான டிக்கெட் எடுத்தால் 220 ரிங்கிட். அங்கே கார் ஜெயிக்கும்.

பதிவு செய்வோர் விமான எண்ணோடு முனையத்தையும் சொல்லிவிட வேண்டும். 2014இல் திறந்த கேஎல்ஐஏ 2தான் இன்றைய இரண்டாம் முனையம். பெயர் அட்டையோடு ஓட்டுநர் ஒன்றில் நிற்க, பயணி மற்றதில் நின்றால் பந்தாவை யார் பார்ப்பது?

கேள்வி: சனிக்கிழமை மாலை வந்து இறங்கினால்?
(அதே வாசகர்)

பதில்: அன்று பக்கத்து லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இரவுச் சந்தை. செப்பாங் விமான நிலையத்திலிருந்து பறந்து வந்த கார் கடைசித் தெருவில் நடைபழகும். பெட்டியின் சக்கரம் அதை முந்திவிடும்!