பேப்பரில் லெக்கிங்ஸ், பெட்டியில் பட்டாசு

2025 அக்டோபர். மும்பை நவசேவா துறைமுகத்தில் ஒரு நாற்பதடி கண்டெய்னரைத் திறந்தார்கள். காகிதப்படி உள்ளே இருக்க வேண்டியது லெக்கிங்ஸ். வாசலோரம் லெக்கிங்ஸ் இருக்கத்தான் செய்தது. அதற்குப் பின்னால் 46,640 சீனப் பட்டாசுகள். மதிப்பு 4.82 கோடி ரூபாய். அதே மாதம் நம்ம தூத்துக்குடியில் இரண்டு கண்டெய்னர்கள். காகிதத்தில் சிலிக்கோன் பசை பீய்ச்சும் கருவி. உள்ளே 83,520 பட்டாசுகள், சுமார் 5 கோடிக்கு.

பிடித்த வருவாய்ப் புலனாய்வுக்காரர்களுக்கு நன்றி. துப்புக் கிடைத்தது, பிடித்தார்கள். துப்புக் கொடுக்க ஆளில்லாத பெட்டிகள் எந்தக் கடையில் தீபாவளி கொண்டாடினவோ, யார் கண்டது?

பட்டாசு இறக்குமதிக்கு யாருக்கும் உரிமம் தரவில்லை என்று 2014-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. அப்படியானால் கடைத்தெருவில் கிடைக்கும் ஒவ்வொரு சீன வெடியும் திருட்டு வெடி. இதில் ஆய்வு செய்ய எதுவும் இல்லை. ஆனாலும் ஆண்டுதோறும் புரட்டாசி பிறந்ததும் ஒரு சுற்றறிக்கை வருகிறது: சீனப் பட்டாசு விற்றால் கடும் நடவடிக்கை. நம் அலுவலகங்களில் இன்றுவரை நமுத்துப்போகாத ஒரே வெடி அதுதான்.

துறைமுகத்தில் இப்போது முகமில்லா மதிப்பீடு. ஊழல் ஒழிய வேண்டுமாம். ஒரு துறைமுகத்தில் இறங்கிய சரக்கின் காகிதத்தை வேறொரு ஊரில் உட்கார்ந்திருப்பவர் திரையில் பார்ப்பார். எந்தப் பெட்டியைத் திறப்பது என்று கம்ப்யூட்டர் சொல்லும். அதிகாரிக்கு முகம் இல்லை, சரக்குக்கும் இல்லை. கடத்துகிறவனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

சிவகாசிச் சரக்கு வெளியே போவது எப்படி என்று பாருங்கள். நாட்டின் பட்டாசில் ஏறக்குறைய 90 சதவீதம் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் தயாராகிறது. சாத்தூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் தூத்துக்குடித் துறைமுகம். ஏற்றுமதி? பெயருக்குக்கூட இல்லை. வெடிபொருளை ஏற்றக் கப்பல் கம்பெனிகள் தயங்குகின்றன. அதே கடலில், சீனாவிலிருந்து லெக்கிங்ஸ் என்று எழுதினால் தாராளமாக வருகிறது. சிவகாசிக்காரர் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். பட்டாசைப் பட்டாசு என்று எழுதித் தொலைத்தார்.

2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் கூடாது, சரவெடி கூடாது என்றது. சரி, நுரையீரல் எல்லோருக்கும் வேண்டும். இங்கே தயாராகும் பெட்டிக்கு நீரி ஆய்வு நிறுவனத்தின் சான்று வேண்டும், கியூஆர் கோடு வேண்டும். கந்தகத்தோடு குளோரேட்டைக் கலக்க 1992-லிருந்தே தடை. லெக்கிங்ஸுக்குப் பின்னால் ஒளிந்து வருகிற வெடிக்கு இதெல்லாம் கிடையாது. அது விருந்தாளி.

தீப்பெட்டிக்காரர்கள் கதை இன்னும் விசேஷம். அவர்கள் பிழைப்பைக் கெடுக்கும் லைட்டரை, 20 ரூபாய்க்குக் கீழானதை, இறக்குமதி செய்யக் கூடாது என்று 2023 ஜூனில் உத்தரவு. லைட்டர் நின்றது. அதன் உடலும் தலையும் தனித்தனியாக வந்து இங்கே ஒட்டிக்கொண்டன. உதிரிபாகத்துக்கும் கட்டுப்பாடு போடலாம் என்ற ஞானம் 2024 அக்டோபரில் உதித்தது. தீப்பெட்டி ஊரான கோவில்பட்டிக்கும் டெல்லிக்கும் நடுவே அவ்வளவு தூரம்.

இதைப் படித்து முதலாளிகள் யாரும் கைதட்ட வேண்டாம். அடுத்தது உங்கள் ஊர்தான்.

2021 பிப்ரவரி 12. சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில். உள்ளே ஓடியது குத்தகை, அதற்குள் உள்குத்தகை. காகிதத்தில் ஓர் ஆலை, கம்பிவேலிக்குள் பல ஆலை. இதுவும் லெக்கிங்ஸ் கண்டெய்னர்தான். முன்வரிசையில் உரிமம் அடுக்கியிருந்தது, பின்னால் மருந்து நிரம்பிய அறைகளில் ஆட்களை அடைத்திருந்தார்கள். இந்தப் பெட்டியைத் திறக்கத் துப்புக்கூடத் தேவையில்லை. நாக்பூரில் வெடிபொருள் துறையின் தலைமையகம் இருக்கிறது. சிவகாசியிலேயே அதன் அலுவலகம் இருக்கிறது. வருவாய்த் துறை இருக்கிறது, தொழிலகப் பாதுகாப்பு இருக்கிறது, காவல் நிலையம் இருக்கிறது. உள்குத்தகை என்பது இந்த வட்டாரத்தில் டீக்கடைக்காரருக்குத் தெரிந்த ரகசியம். தெரியாதவர்கள் ஜீப்பில் வந்துபோனவர்கள் மட்டும்.

வெடித்த பிறகு எல்லோருக்கும் கண் தெரிந்தது. பிரதமர் நிதியிலிருந்து 2 லட்சம், மாநில அரசிலிருந்து 3 லட்சம் என்று அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்தால் காகிதமும் வரும். செத்தவர் செத்ததற்குச் சான்று. வாரிசு வாரிசுதான் என்பதற்குச் சான்று. ஆதார், வங்கிப் புத்தகம், நகல், நகலில் கையெழுத்து. சாகும்வரை ஆலையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்காத அரசாங்கம், செத்தபின் ஒவ்வொருவரையும் எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தது.

சீனப் பட்டாசைத் தடுங்கள் என்று மனுக் கொடுக்கும் முதலாளிகளுக்கும் அதை வாங்கி மேசையில் வைக்கும் அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்லலாம். இந்தப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் காலையில் வேலைக்கு வரும் பெண்ணை வாசலில் நிறுத்துகிறார்கள். செல்போனை வாங்கி வைக்கிறார்கள். தீப்பெட்டி இருக்கிறதா என்று பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். பாதுகாப்பாம். சரி, பார்க்கட்டும். தூக்குச்சட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்த நாட்டுக்கு நாற்பதடிப் பெட்டியின் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாதா?