புதிய உத்தியோகஸ்தன் விடுப்பு மீமாம்சை

உலகத்தில் சாஸ்திரம் இல்லாத விஷயம் மிகச் சொற்பம். யானைக்கு வைத்தியமும் குதிரைக்கு லட்சணமும் வகுத்து, களவுக்குக்கூடத் தனியே நூல் கண்டு, தலையில் பல்லி விழுந்தால் ஒரு பலன், தோளில் விழுந்தால் வேறு பலன் என்று பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கம் வரையில் விடாமல் எழுதிவைத்தவர்கள் நம் முன்னோர். அவர்கள், புதிதாக ஓர் உத்தியோகத்தில் அமர்ந்த மனிதன், தன் மேஜை இழுப்பறைக்குச் சாவி எது என்றுகூடத் தெரியாத நிலையில், மேலதிகாரியின் முன்னே போய் நின்று, "அடுத்த வாரம் மூன்று நாள் லீவு வேண்டும்" என்று சொல்ல நேர்கிற மஹா சங்கடத்தைப் பற்றி ஒரு சூத்திரமாவது செய்யாமல் போனது விசனிக்கத் தக்கதே. ஆயினும் அவர்களை அதிகம் குறை சொல்வதற்கில்லை; பழைய நூலாசிரியர்களுள் பெரும்பாலோர் அரசர்களிடம் பரிசில் பெற்றார்களேயன்றி, மாதச் சம்பளம் வாங்கி வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டதாகத் தெரியவில்லை.

முதலில் ராஜாங்க விதிகளைப் பார்த்துவிடுவோம். நம் மாநிலத்தின் 1958-ஆம் வருஷத்துத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம், தொழில் நிலையங்களில் வேலை செய்வோருக்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு தினங்களையும், அவற்றின் மேல் 5 பண்டிகை தினங்களையும் அளிக்கிறது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமோ, ஒரு வருஷத்தில் 240 நாள் உழைத்தவனுக்கே, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு கூடிய விடுப்பு என்றும், அதையும் 15 நாள் முன்னதாகவே எழுதிக் கேட்கவேண்டும் என்றும் வகுத்தது. இவ்விரண்டையும் வாசித்த புதியவன் மனம் சோர்ந்துபோவான். அவன் வாசிக்க வேண்டியது 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம். பன்னிரண்டு மாதம் பூர்த்தியானவனுக்குத்தான் 12 நாள் விடுமுறை என்று கண்டிப்பாகத் தொடங்குகிற அந்தச் சட்டம், உடனேயே மனம் இளகி, முதல் வருஷத்திலேகூட, நோய்க்கு 12 நாளும், தகுந்த காரணம் எதையேனும் காட்டினால் தற்செயல் விடுப்பாக வேறொரு 12 நாளும் உண்டு என்று சொல்கிறது. தகுந்த காரணம் எது என்பதற்கு அச்சட்டத்தில் இலக்கணம் இல்லை. சட்டம் மௌனம் சாதிக்கிற இடத்தில்தான் மீமாம்சை வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

இங்கே பூர்வபட்சம் கூறுவோர், உத்தியோகத்தை ஒரு புறத்திலும் ஒருவனுடைய சொந்த தினங்களை மற்றொரு புறத்திலும் நிறுத்தி, இவை ஒன்றுக்கொன்று பகை என்றும், ஓராண்டு வாய் திறவாமல் உழைத்த பிற்பாடே சொந்த தினங்களைப் பற்றிப் பேசுவது மரியாதை என்றும் உபதேசிக்கிறார்கள். இவ்வபிப்பிராயம் ஓய்வுபெற்ற மாமாக்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. நம்முடைய சித்தாந்தம் இதற்கு நேர் விரோதமானது. புதியவன் லீவு கேட்கிற தினங்களில் பெரும்பாலானவற்றை உண்டாக்குவதே அந்தப் புதிய உத்தியோகந்தான் என்று நாம் சொல்கிறோம்.

எப்படியெனில், பிள்ளை வேலை தேடி அலைந்த காலத்தில் அவன் தாயார் ஒரு மஞ்சள் துணியில் ஒற்றை ரூபாயை முடிந்து, சாமி படத்தின் பின்னே வைத்து, "முருகா, இவனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் பழனிக்கு வந்து மொட்டை போடுகிறோம்" என்று பிரார்த்தித்துக் கொண்டாள். வேண்டியவள் தாய், கொடுக்க வேண்டிய தலை பிள்ளையுடையது, நிறைவேற்றிக் கொடுத்தவர் முருகன், அதற்குக் கருவியாக அமைந்தது கம்பெனி. நியமனக் கடிதத்தில் தேதி இடப்படுவதற்குப் பல மாதம் முன்பே இந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது. முந்திய கடன் முதலில் தீர்க்கத்தக்கது என்பது வியவகாரத்தில் யாரும் ஒப்புக்கொண்ட நியாயமாகையால், பழனிக்குப் போக இரண்டு நாள் கேட்பது சலுகை ஆகாது. கம்பெனியும் ஒரு தரப்பாக இருக்கிற கணக்கைத் தீர்ப்பதாகவே ஆகும். இதே நியாயம், ஆகஸ்டு 29-ஆம் தேதி கொடி ஏறி செப்டம்பர் 8-ஆம் தேதி மாதா திருநாளோடு நிறைவுறும் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டவனுக்கும், நாகூர் கந்தூரிக்கு வருவதாக நேர்ந்துகொண்டவனுக்கும் குறைவின்றிப் பொருந்தும்.

தெய்வம் பொறுக்கும், மேனேஜர் பொறுக்கமாட்டார், ஆகவே ஒரு வருஷம் ஒத்திப்போடுவோம் என்று சிலர் யுக்தி செய்வதுண்டு. ஒத்திப்போட்டவன் வீட்டில் நடப்பதை அவர்கள் ஆலோசிப்பதில்லை. பிள்ளைக்குச் சளி பிடித்தாலும், மின்சார ரயிலில் அவன் பர்ஸ் தொலைந்தாலும், அவனுடைய கம்ப்யூட்டர் பழுதானாலும், ஏன், கம்பெனிக்கே வடநாட்டில் ஒரு காண்டிராக்டு கைநழுவிப் போனாலும், "நேர்த்திக்கடன் பாக்கி நிற்கிறதல்லவா" என்ற ஒரே காரணத்தில் அந்தத் தாயார் யாவற்றையும் அடக்கிவிடுவாள். தகுதிகாண் பருவம் முடிகிற வரையில் ஒவ்வோர் இரவும் தொலைபேசியில் இவ்விளக்கத்தைக் கேட்பதைவிட, மேலதிகாரியின் முகச்சுளிப்பை ஒரு பகல் சகிப்பது சுலபம் என்பது அனுபவஸ்தர்களின் கட்சி.

விவாகத்தின் விஷயம் இன்னும் சிக்கலானது. தர்க்க நூலார் அன்யோன்யாச்ரயம் என்று பழிக்கிற தோஷம் இதில் வெளிப்படையாக இருக்கிறது. வேலை கிடைத்தால்தான் பெண் கொடுப்பார்கள். பெண் கொடுத்தால் லீவு எடுக்கவேண்டும். லீவு எடுத்தால் வேலைக்குப் பங்கம். வேலைக்குப் பங்கம் என்றால் பெண் கொடுத்தவர்கள் பேசுவார்கள். போதாக்குறைக்கு, நம்மவர்கள் புதிய வேலையில் சேருவதற்கும் நாள் பார்ப்பவர்கள். ஆடியில் சேரவேண்டாம் என்று தள்ளி, அஷ்டமி நவமி விலக்கி, ஆவணி பிறந்தவுடன் ஒரு வளர்பிறையில் சேர்கிறார்கள். ஆடியில் தேங்கி நின்ற கல்யாணங்கள் அத்தனையும் மடை திறந்தாற்போல் புறப்படுவதும் அதே ஆவணியில்தான். மார்கழியைத் தள்ளித் தையில் சேருகிறவனுக்கும் இதே கதிதான். ஆகையால் புதியவன் சேர்ந்த மாதத்திலேயே அவன் அக்காள் மகளுக்குக் கல்யாணம் வருவதை மேனேஜர்கள் கற்பனை என்று எண்ணுவது, பஞ்சாங்கத்தை அறியாமையால் விளைந்த பிழை. தாய்மாமன் இல்லாமல் அந்தப் பந்தலில் சீர் நடக்காது என்பதை அவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது? அதன்பின் தலை ஆடி, தலை தீபாவளி என்று தலைப்புக்கள் தொடர்கின்றன. தீபாவளிக்கு அரசாங்கம் விடுகிற ஒரு நாள், சென்னையில் இருந்துகொண்டு தென்காசியில் மாமனார் வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டியவனுக்கு எம்மட்டில் காணும்?

இனித் திதியைப் பற்றிச் சொல்லவேண்டும். தகப்பனார் காலமான நாளை ஆங்கிலத் தேதியால் அல்லாமல் மாதத்தாலும் பட்சத்தாலும் திதியாலும் அனுசரிக்கும் குடும்பத்தில் பிறந்தவன், சந்திரனுக்கும் கம்பெனிக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டவன். சந்திர வருஷம் ஏறக்குறைய 354 நாள் ஆகையால், ஐப்பசி மாதத்துத் திதி ஒன்று ஒரு வருஷம் நவம்பர் 14-ஐ ஒட்டி வந்தால், அடுத்த வருஷம் 3-ஐ ஒட்டியும், அதற்கும் அடுத்த வருஷம் அக்டோபர் 23-ஐ ஒட்டியும் பின்னேறி, நான்காம் வருஷம் ஐப்பசியைத் தாண்டிப் புரட்டாசிக்குள் விழப்போகிற தறுவாயில், மாதம் தவறலாகாது என்று குதித்து மீண்டும் நவம்பர் இரண்டாம் வாரத்துக்கு வந்து நிற்கும். ஒரே தகப்பனாருக்கு ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு தேதியில் சிராத்தம் வருவதைக் காகிதத்தில் மட்டும் பார்க்கிற அதிகாரி என்ன நினைப்பார் என்று விவரிக்க வேண்டியதில்லை. ஜனவரியிலேயே வருஷம் முழுவதற்குமான லீவுத் திட்டத்தைக் கொடு என்று கேட்கும் ஆபீசுகள் வேறு இருக்கின்றன. அப்போது கையிலிருக்கும் பஞ்சாங்கமோ பங்குனியோடு முடிந்துபோகிறது. வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள நாழிகை வித்தியாசத்தால் திதி ஒரு நாள் தள்ளிப்போகிற வருஷங்களில், புதியவன் தான் எந்தப் பஞ்சாங்கத்தைச் சேர்ந்தவன் என்பதையும் விண்ணப்பத்தில் குறித்துவிடுவது உசிதம். திதி தெரியாமற் போனவர்களுக்கு ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகள் இருக்கின்றன; ராமேசுவரம் அக்கினி தீர்த்தத்திலும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்திலும் அன்று சேருகிற ஜனத்திரளே காரணத்துக்குச் சாட்சியாகும்.

பிறந்த நாளுக்கு லீவு கேட்பதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. சில கம்பெனிகள் தாமாகவே அன்று விடுமுறை அளிக்கின்றன. ஆனால், வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டவுடன் ஐந்து வயது பூர்த்தி என்று தலைமையாசிரியர் தீர்மானித்து, ஜூனில் பள்ளி திறப்பதற்குத் தோதாக மே மாதத்தில் ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிவிட்ட தலைமுறையினர் இன்னும் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஆபீசில் கேக் வெட்டப்படுவது அந்தத் தலைமையாசிரியரின் கற்பனா சக்திக்காகவே. மெய்யாகப் பிறந்த நட்சத்திரம் கார்த்திகையில் வரும்போது, கோயிலில் அர்ச்சனை செய்ய அவர்களுக்கு ஒரு மணி நேரப் பர்மிஷன்கூடக் கிடைப்பதில்லை.

தேதியே முன்கூட்டித் தெரியாத தினங்கள் சில உண்டு. பிறை தென்பட்டதைத் தலைமை காஜி அறிவித்த பிறகுதான் மறுநாள் பெருநாள் என்பது நிச்சயமாகும். அரசாங்கப் பட்டியலில் அச்சிட்ட தேதியை நம்பி ரயில் டிக்கெட் எடுத்தவன், வானம் மேகமாக இருந்தால் ஒரு நாள் கூடுதலாகக் கேட்கவேண்டியிருக்கும். தென் ஜில்லாக்களில் ஊர்க்கூட்டம் கூடி வரி பிரித்துக் கோயில் கொடைக்கு நாள் குறிப்பதும், கால்நாட்டி ஒரு வாரம் கழிந்ததும் கொடை தொடங்கிவிடுவதும், அச்செய்தி சித்தப்பா மூலமாகத் தொலைபேசியில் வந்து சேருவதும், பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கேட்கிற எந்த விதிக்குள்ளும் அடங்குவதில்லை. காப்புக் கட்டிக்கொண்டவன் அதை அவிழ்க்கும் வரையில் ஊர் எல்லையைத் தாண்டலாகாது. ஆகவே "சனிக்கிழமை மட்டும் வந்து ஒரு பைலை முடித்துக் கொடுத்துவிட்டுப் போங்களேன்" என்ற சமரசத்துக்கு அவ்விடத்தில் இடமில்லை.

எப்போது கேட்பது என்ற முகூர்த்த விசாரத்தில் நம் அபிப்பிராயம் திடமானது. சேருவதாகச் சம்மதம் சொல்வதற்கும் சேருவதற்கும் நடுவிலுள்ள சில நாட்களே உத்தமம். கம்பெனி ஒரு மனிதனை முழு மனத்தோடு விரும்புகிற காலம் அதுதான். இன்ன தேதிகள் ஏற்கனவே நிச்சயமானவை என்று அப்போது எழுத்தில் தெரிவித்துவிட்டால், பிறகு அது வேண்டுகோளாக இராமல் தகவலாக ஆகிவிடுகிறது. சேர்ந்த முதல் வாரத்தில் கேட்பது மத்திமம். டிக்கெட்டை எடுத்துவைத்துக்கொண்டு முந்தின நாள் மாலை ஆறு மணிக்குக் கேட்பது அதமம். மார்ச் மாதக் கடைசியில், கணக்கு முடிக்கிற ஆபீசில் கேட்பதற்குப் பெயரே இல்லை. இல்லாத பாட்டியைக் கொன்று லீவு எடுக்கும் முறை பிரசித்தமாயினும், கௌரவமான ஆராய்ச்சியில் இடம்பெறத் தக்கதன்று.

பிரமாணங்களுள் கல்யாணப் பத்திரிகை நல்லது. நாலு முனையிலும் மஞ்சள் தடவி மேனேஜருக்கும் ஒன்று வைத்துவிட்டால், சாட்சியே விருந்தாளியாகிவிடுகிறார். யாத்திரைக்குப் பிரசாதத்தைச் சான்றாகக் கொண்டுவருவது பலவீனம்: திருப்பதி லட்டு தியாகராய நகரிலேயே கிடைப்பதுண்டு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தமும் டப்பியில் அடைபட்டு எங்கும் பிரயாணம் செய்கிறது. மழித்த தலை ஒன்றே மறுக்கவொண்ணாத பிரத்தியட்சம். அதில் உள்ள ஒரே குறை, லீவு முடிந்த பிற்பாடே அது சித்திக்கிறது என்பது.

இவ்வளவு பிரமாணமும் கூடிய பிறகும், விண்ணப்பத்தில் காரணம் என்ற கட்டத்தில் எல்லோரும் "சொந்த வேலை" என்றே எழுதிவிடுகிறார்கள். தாயின் முடிச்சுப் பணமும் தகப்பனாரின் திதியும் அதே இரண்டு வார்த்தைக்குள் போய்விடுகின்றன. மெய்யான காரணம் வாய்மொழியாகவே வெளிவரும். அவ்வகைச் சம்வாதம் ஒன்று இவ்வாராய்ச்சிக்காகச் சென்னையில் ஓர் ஆபீசில் செவிவழியாகச் சேகரிக்கப்பட்டது. சேர்ந்து இரண்டு மாதம் ஆகாத திருநெல்வேலிப் பக்கத்து இளைஞன் கொடைக்கு மூன்று நாள் கேட்டான்.

"இப்பத்தானே தம்பி சேர்ந்தீங்க? நீங்க இல்லாட்டா உங்க ஊர்ல சாமி ஆடாதா?" என்றார் மேனேஜர்.

"ஆடாது சார். ஆடுறதே நான்தான்."

மேனேஜர் பேனாவை மேஜைமேல் வைத்தார். அப்பா போன பிறகு தன்மேல்தான் இறங்குகிறது என்றும், இது இரண்டாவது கொடை என்றும் இளைஞன் விளக்கினான். அவர் கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னார்.

"குறி சொல்வீங்களா?"

"எனக்கு நெனவு இருக்காது சார். பக்கத்துல நிக்கிறவங்க கேட்டுக்குவாங்க."

"பரவாயில்ல. புனேக்கு என்னை மாத்தப்போறாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. அது உண்டா இல்லையான்னு மட்டும் யாரையாச்சும் கேட்டு வைக்கச் சொல்லுங்க."

மூன்று நாளும் சம்பளத்தோடு அனுமதிக்கப்பட்டன. காரணம் என்ற கட்டத்தில் சொந்த வேலை என்றே இருக்கிறது. யாருடைய சொந்த வேலை என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.